பெரியவரைப் பாதி விலைக்குக் கேட்டவள்

ஜனவரி 20
நாற்காலிக் கடை, மாடி

என் ஒரே மருமகளே, வெண்கலக் குரலே,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். உட்கார நாற்காலி இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. விசேஷ வீடுகளுக்கெல்லாம் நாற்காலி வாடகைக்கு விடும் உன் மாமன் ஆயிரம் அனுப்புகிறேன். சொந்தக்காரர்களுக்கு வாடகையில் சலுகை உண்டு.

விஷயம் இதுதான். போன மாதம் நான் ஒரு மடக்கு நாற்காலி வாங்கினேன். நாற்காலிக் கடைக்காரனே நாற்காலி வாங்கினானா என்று சிரிக்காதே. சமையல்காரன் ஓட்டலில் சாப்பிடுவதில்லையா? வாங்கின இடத்தில் ஒரு சீட்டைக் கையில் திணித்தார்கள். குலுக்கினார்கள். முதல் பரிசு எனக்கு! இரண்டு பேருக்குக் கப்பல் பயணம்.

கப்பல் என்றால் சும்மா கப்பல் இல்லை. படத்தில் பார்த்தேன். நம் தெருவைத் தூக்கி நிமிர்த்தி வைத்து, வெள்ளையடித்து, தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கிறது. அதன் மொட்டை மாடியில் நாற்காலி போட்டால் ஒரே நேரத்தில் மூன்று கல்யாணம் நடத்தலாம். மூன்று மாப்பிள்ளைகளும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் தப்பித்தும் போகலாம்.

இரண்டாவது டிக்கெட் யாருக்கு? எனக்கு மனைவி கிடையாது. அந்த அளவுக்குத் தைரியமான பெண் இன்னும் பிறக்கவில்லை. எனவே என் அக்கா, அதாவது உன் அம்மா.

இப்போது நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள். பன்னிரண்டாவது நாள் அந்தக் கப்பல் நாலு மணி நேரம் நிற்கப்போகும் மீன்பிடி ஊர் எது தெரியுமா? நீ ஏலம் கூவுகிற ஊர்! துறைமுகம் சின்னதாம், கப்பல் தூரத்திலேயே நிற்குமாம், படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்களாம். நம் வீட்டிலிருந்து உன் ஊருக்கு ஒரு ராத்திரி பஸ். அந்த ஒரு ராத்திரியை உன் அம்மா ஆறு வருஷமாகத் தாண்டவில்லை. ஆகவே அவளை நான் கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன். பக்கத்து வீட்டுக்குப் போக இவ்வளவு பெரிய சுற்று சுற்றியவன் சரித்திரத்திலேயே கிடையாது.

அவளிடம் ஊர் பேரைச் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. டால்பின் பார்க்கப் போகிறோம் என்றிருக்கிறேன். நீ கூவ வேண்டும். அவள் கேட்க வேண்டும். கேட்டால் உருகிவிடுவாள். மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். நான் போனில் ரகசியம் பேசினால் அடுத்த தெருவிலிருந்து பதில் வருகிறது. உன் அம்மாவோ கீழ் வீட்டில் இருக்கிறாள்.

நாற்காலிகளின் பேரரசன்,
உன் மாமா


ஜனவரி 28
ஐஸ் கம்பெனி, மேல் அறை

மாமாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன், ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு.

வேண்டாம்.

உங்கள் கப்பல்கள் இங்கே எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் ஜன்னலைத் திறந்தால், நேற்று இல்லாத ஒரு தெரு கடலில் நிற்கும். பனிக்குள் அதன் ஜன்னல்கள் மட்டும் மினுங்கும். அதிலிருந்து வெள்ளைத் தொப்பிகள் இறங்கி வருவார்கள். வலையைப் படம் எடுப்பார்கள், பூனைக்குப் பேர் என்ன என்று கேட்பார்கள். சாயங்காலம் பார்த்தால் தெரு இருக்காது. ஊர் மொத்தமும் ஒரே கனவைக் கண்டு எழுந்த மாதிரி இருப்போம்.

அவர்கள் பார்க்கும் ஏலமும் கனவுதான். நிஜ ஏலம் விடிவதற்குள் முடிந்துவிடும். தொப்பிகள் வருவது பத்து மணிக்கு. அதனால் அவர்களுக்காக மறுபடி ஒரு ஏலம் போடுகிறோம். அதற்கென்றே ஐஸ் அறையில் ஒரு பெரிய மீன் படுத்திருக்கிறது. ஆள் நீளம். நாங்கள் அதைப் ‘பெரியவர்’ என்போம். கப்பல் வரும் நாளில் பெரியவரை எழுப்பி, உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, மேஜையில் கிடத்துவோம். நான் கூவுவேன். வலைக்காரரும் ஐஸ் கம்பெனி முதலாளியம்மாவும் போட்டி போட்டு விலை ஏற்றுவார்கள். எப்போதும் முதலாளியம்மாதான் ஜெயிப்பார். மீனே அவருடையதுதான். பெரியவர் மறுபடி ஐஸுக்குப் போய்விடுவார். தொப்பிகள் கைதட்டிவிட்டுக் கருவாடு, சங்கு எல்லாம் வாங்குவார்கள். கடலுக்குப் போக முடியாத மாதங்களில் இந்த ஊர் அதை வைத்துத்தான் சாப்பிடுகிறது.

இதைப் பார்க்கவா அம்மாவைக் கூட்டி வரப் போகிறீர்கள்?

முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அறிவிப்புச் சொன்னவள். அந்த அறையில் எனக்கும் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்தாள். நான் இங்கே ஐஸ் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்க வந்தேன். ஏலம் கூவுகிறவருக்குத் தொண்டை கட்டின ஒரு நாள் மேஜைமேல் ஏறிக் கூவினேன். இறங்க மனசு வரவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று நீங்களும் பக்கத்தில் நின்று கேட்டீர்களே. “நான் குடுத்த குரலை மீன் நாத்தத்துல கொண்டுபோய்க் கொட்டிட்டே. இனிமே அது என் காதுல விழக் கூடாது.” சரி என்று நானும் ஆறு வருஷமாக விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவளை ஏமாற்றிக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தாதீர்கள். என்னையும் ஐஸிலிருந்து எடுத்துக் காட்டாதீர்கள். நான் பெரியவர் இல்லை.

ஒன்று செய்யுங்கள். அவளிடம் சொல்லுங்கள். தெரிந்து வந்தால் கூவுகிறேன். நம் வீட்டுப் பச்சைக் குடை இன்னும் இருக்கிறதல்லவா? சொல்லிவிட்டீர்கள் என்றால் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு கரைக்கு வாருங்கள். குடை தெரிந்தால் மேஜைமேல் ஏறுவேன். தெரியாவிட்டால் ஐஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 27
நடுக்கடல், ஜன்னல் இல்லாத அறை

வெண்கலமே,

உன் மாமன் கடலைப் பார்த்துவிட்டான். கடலும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பின்வாங்கியது.

எப்படிச் சொல்ல! விடியும்போது மேல்தட்டுக்குப் போனால் வானமும் தண்ணீரும் ஒரே நிறம். நடுவில் தையல்கூடத் தெரியவில்லை. கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே சொல்ல முடியாது. சலவைக்குப் போட்ட ஒரு பெரிய வெள்ளைத் துணிக்குள் யாரோ நம்மைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கிறது. இந்தக் கடலில் நாற்காலி போட ஆரம்பித்தால், உலகத்தில் இதுவரை கல்யாணம் செய்துகொண்ட எல்லோரையும் உட்கார வைத்த பிறகும் பின் வரிசை காலியாக இருக்கும்.

உன் அம்மா சௌக்கியம். இங்கே சாப்பாடு இலவசம் என்பதுதான் அவளுக்கு ஒரே துக்கம், பேரம் பேச இடமில்லையே! நேற்றுக் கப்பலுக்குள் இருக்கும் கடையில் கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் பார்த்து, “பாதிக்குக் குடுப்பியா?” என்றாள். கடைக்காரப் பையன் முழித்தான். இதே அம்மாள் ஒருமுறை டாக்டரிடம் ஊசியைப் பாதி போடச் சொன்னவள் என்று நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

இப்போது உன் விஷயம். சொல்லலாம் என்று போகிறேன். “அக்கா” என்கிறேன். “என்னடா” என்கிறாள். அந்த ‘என்னடா’வில் ஏதோ இருக்கிறது. சிங்கக் கூண்டுக்குள் தலையை விட்டு வா என்றால் விட்டுவிடுவேன், அந்த ‘என்னடா’வுக்கு முன்னால் மட்டும் எனக்கு ஆறு வயசாகிவிடுகிறது. “ஒண்ணுமில்லை, டால்பின்” என்று தண்ணீரைக் காட்டிவிட்டு ஓடிவந்துவிடுகிறேன். இதுவரை முப்பது டால்பின் காட்டியிருக்கிறேன். ஒன்றுகூட அங்கே இல்லை.

இன்னொரு கஷ்டம். தினமும் காலையில் ஒரு பெண் ஒலிபெருக்கியில் அடுத்தடுத்து வரும் ஊர்களைச் சொல்கிறாள். உன் ஊர் பேர் வரும்போதெல்லாம் நான் உன் அம்மா காதருகே தும்முகிறேன். இன்று தும்மல் வரவில்லை, எடுத்து ஒரு பாட்டையே பாடிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் டாக்டரைக் கூப்பிட எழுந்துவிட்டார். உன் அம்மா மட்டும் காபியை ஆற்றிக்கொண்டே, “அந்தப் பொண்ணு ஊர் பேரை முழுங்குது. பேரைச் சொல்லிட்டு ஒரு மூச்சு நிறுத்தணும். அப்பத்தான் இறங்கறவங்க எழுந்திருப்பாங்க” என்றாள்.

குடை பெட்டியில் பத்திரம். சொல்லிவிடுவேன். பேரரசன் வாக்கு.

மாமா


மார்ச் 3
ஐஸ் கம்பெனி, மேல் அறை

மாமாவுக்கு,

இது உங்கள் கப்பல் எங்களுக்கு முந்தின ஊரில் நிற்கும்போது கைக்குக் கிடைக்கும் என்று கப்பல் அலுவலகத்தில் சொன்னார்கள்.

சொல்லிவிட்டீர்களா?

நேற்று நிஜ ஏலத்தில் என் குரல் இரண்டு தடவை உடைந்தது. “என்னம்மா, மத்தி மீனைப் பார்த்து அழுவுறே?” என்றார் வலைக்காரர். பனி என்றேன். பனி நிஜமாகவே இருக்கிறது. படகுகள் சத்தமாக மட்டும் போகின்றன, சத்தமாக மட்டும் வருகின்றன. கண்ணை மூடினால் எனக்கு அந்த ரயில் நிலையம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே பெஞ்சில் படுத்துத் தூங்குவேன். அம்மாவின் வாய் உள்ளே அசையும், குரல் மேலே கூரையிலிருந்து வரும். அவள் இரண்டு பேர் என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

எனக்கு அந்த இரண்டு பேரும் வேண்டும், மாமா. ஆனால் திருட்டுத்தனமாக வேண்டாம்.

சொல்லாவிட்டால் குடையை விரிக்காதீர்கள். அவ்வளவுதான்.


மார்ச் 8
கப்பல், மேல்தட்டு, சாயங்காலம்

வெண்கலமே,

உன் மாமன் ஒரு கோழை. இதை எட்டு மாடிக் கப்பலின் உச்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஊர் இன்னும் தெரிகிறது. இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கடலோரமாக மறந்துவைத்துவிட்டுப் போன தீப்பெட்டி மாதிரி இருக்கிறது.

நான் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை. படகில் போகும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். குடையை மடக்கியே கையில் வைத்திருந்தேன், உன் நிபந்தனையை மதித்துத்தான்.

ஆனால் அந்தப் படகு இருக்கிறதே! கப்பலின் வயிற்றில் ஒரு கதவைத் திறக்கிறார்கள். கீழே படகு ஏறி இறங்கிக் குதிக்கிறது. கதவுக்கும் படகுக்கும் நடுவில் உலகத்திலேயே மிக ஆழமான பள்ளம், ஒரு ஜாண் அகலம். மாலுமி கையை நீட்டுகிறான். என் இடது கால் ஒப்புக்கொண்டது, வலது கால் ராஜினாமா செய்துவிட்டது. பின்னால் வரிசை நிற்கிறது. நான் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “கப்பலைக் காலியா விட்டுட்டுப் போகக் கூடாது. பொறுப்பா ஒருத்தர் இருக்கணும்” என்றேன்.

உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீ இரு. நீ வரலேன்னா உனக்குக் குடை எதுக்கு? பனி தலையில இறங்குது” என்று என் கையிலிருந்து குடையைப் பிடுங்கினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, வாசற்படி தாண்டுகிற மாதிரி படகுக்குள் போய்விட்டாள். குடையை விரித்தாள். “அக்கா, விரிக்காதே!” என்று கத்தினேன். பனிக்குள் பச்சையாக ஒரு புள்ளி சின்னதாகிக்கொண்டே போயிற்று.

நாலு மணி நேரம். நான் நகம் என்று ஒன்றுமில்லாமல் கடித்துவிட்டேன். அடுத்தவர் நகத்தைக் கடனாகக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைசிப் படகில் வந்தாள். சேலையெல்லாம் மீன் செதில். கையில் குடை இல்லை. “என்ன ஆச்சு?” என்றேன். “டால்பின் இல்லை” என்றாள். நேராக இங்கே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். என்ஜின் முனகியது, ஊர் மெதுவாக எங்களை விட்டு நகர ஆரம்பித்தது. அவள் இன்னும் நிற்கிறாள். அழுதாளா என்று தெரியவில்லை. காற்று இருக்கும் இடத்தில் எல்லாருக்கும் கண் கலங்கத்தான் செய்யும்.

தயவுசெய்து எழுது. குடையைப் பார்த்துக் கூவினாயா? அவள் தெரியாமல் வந்தவள் என்று தெரிந்ததும் என்ன செய்தாய்? உன்னைச் சபித்தாளா? என்னைச் சபித்தாளா? என்னை என்றால் விவரமாகவே எழுது, தாங்கிக்கொள்வேன்.

முன்னாள் பேரரசன்


மார்ச் 11
ஐஸ் கம்பெனி, மேல் அறை

மாமாவுக்கு,

குடை தெரிந்தது. பனி முழுசாக விலகவில்லை, கீழே ஆள் தெரியவில்லை. வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவில் ஒரு பச்சை வட்டம் மட்டும் மிதந்து வந்தது. நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று நம்பி மேஜைமேல் ஏறினேன்.

குரல் நன்றாகத்தான் வந்தது. வலைக்காரர் ஒரு விலை சொன்னார், முதலாளியம்மா அதற்கு மேல் சொன்னார். அப்போது குடை முன் வரிசைக்கு வந்து மடங்கியது. முடி இவ்வளவு வெளுத்துவிட்டது என்று ஏன் மாமா எனக்கு எழுதவில்லை?

என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்தாள். கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தாள். எந்தப் பயணியும் இதுவரை அந்தக் கயிற்றைத் தாண்டியதில்லை. பெரியவரின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றில் விரலால் அமுக்கினாள். மோந்து பார்த்தாள். நிமிர்ந்து, கத்தரிக்காய்க் கடையில் கேட்கிற அதே தோரணையில் கேட்டாள்:

“பாதிக்குக் குடுப்பியா?”

ஆறு வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அதுவும் ஏலத்தில், மாமா! விலை ஏறுகிற இடத்தில்!

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. முதலாளியம்மா என்னை முறைக்கிறார். வலைக்காரர் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் தலையைச் சொறிகிறார். தொப்பிகள் எல்லாம் அசையாமல் பார்க்கின்றன. பெரியவர் பழசு என்று இந்த அம்மாள் கண்டுபிடித்துவிட்டாள், இனி எந்தக் கப்பலும் இங்கே நிற்காது என்று என் காதுக்குள் இரைகிறது.

அம்மா குடையை மேஜையில் சாய்த்து வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

அந்தக் குரல் அப்படியே இருக்கிறது, மாமா. ஒலிபெருக்கி இல்லாமலே கூரையிலிருந்துதான் வந்தது. படகுத்துறைக் கோடியில் யாரோ ரயில் வருகிறதென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

“மேஜையில் வைக்கப்பட்டிருக்கும் இந்த மீன்,” ஒரு மூச்சு நிறுத்தினாள், “பல வாரங்கள் தாமதமாக வந்து சேர்ந்துள்ளது. பயணிகள் யாரும் இதை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தடங்கலுக்கு வருந்துகிறோம்.”

அப்புறம் தொப்பிகள் வெடித்தன. அப்படி ஒரு கைதட்டலை இந்த ஊர் கேட்டதில்லை. எல்லாம் நாங்கள் ஒத்திகை பார்த்த நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஒரு துண்டுக் கருவாடுகூட மிச்சமில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் என் பக்கம் திரும்பி, மெதுவாக, “வாயை மூடுடி. ஈ போகப் போகுது” என்றாள்.

அப்போதுதான் எனக்குக் குரல் திரும்பியது. “ஏலத்துல விலை ஏறும்மா. இறங்காது.”

“எனக்கு இறங்கும்” என்றாள்.

இறங்கியது. பாதி விலைக்கு வாங்கி, அங்கேயே ஒரு கத்தியைக் கேட்டு வாங்கி, துண்டு போட்டுத் துறைமுகத்துப் பூனைகள் அத்தனைக்கும் வீசினாள். “இனிமே இதை எவனுக்கும் காட்ட முடியாது பாரு” என்றாள்.

அப்புறம் என் அறைக்கு வந்தாள். மீன் பெட்டிமேல் உட்கார்ந்தாள். என்ன பேசினோம் என்று எழுத மாட்டேன், நீங்கள் நாலு தெருவுக்குப் படித்துக் காட்டுவீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். “மாமா சொன்னாரா?” என்று கேட்டேன். “அவன் எங்கே சொன்னான்? தும்மிக்கிட்டே இருந்தான். டிக்கெட்லயே அச்சடிச்சிருக்கு, எந்தெந்த ஊர்னு” என்றாள்.

“தெரிஞ்சேதான் வந்தியா?”

“நான் எங்கே வந்தேன்? கப்பல் வந்துச்சு. நான் அதுல இருந்தேன்.”

குடை இங்கேதான் இருக்கிறது. மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த கப்பல் ஏப்ரல் முதல் வாரம். “அந்த ரயிலம்மா வருவாங்களா?” என்று முதலாளியம்மா தினமும் கேட்கிறார். புதுப் பெரியவரை இன்னும் பிடிக்கவில்லை. அம்மா வருவாளா என்று தெரிந்தால்தான் நல்ல மீனாகப் பார்க்க வேண்டும். கேட்டுச் சொல்லுங்கள். தும்மாமல் கேளுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 24
நாற்காலிக் கடை, மாடி

என் வெண்கலமே,

உன் கடிதத்தை நான் படித்துக் காட்டியது நாலு தெருவுக்கு இல்லை, இரண்டே தெருவுக்குத்தான். அந்த ஏலத்தை நேரில் பார்க்காமல் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றதற்காக என் வலது காலோடு நான் இன்னும் பேசுவதில்லை.

கரைக்கு வந்த பிறகும் உன் அம்மா ஒரு வாரம் கப்பலிலேயே இருந்தாள். வீடு ஆடுகிற மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று மதியம் வெயிலில் போய்விட்டு வந்தவள், “குடை இல்லாம வெளியே போக முடியலை” என்றாள்.

“கடைத்தெருவில வாங்கிக்க. பாதிக்குக் குடுப்பான்” என்றேன்.

“அந்தக் குடைதான் வேணும்.”

“அதை எடுக்க நீ எப்படிப் போவே? இப்போ கப்பலும் இல்லையே அக்கா” என்றேன். விஷமம்தான், வேறென்ன! எனக்கு வயசு ஏறுகிறதே தவிர அது இறங்கவில்லை.

“பஸ் போகுது. நான் அதுல உட்கார்ந்திருக்கப் போறேன்” என்றாள்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சீட்டுக்காரனிடம் பாதி கேட்டிருக்கிறாள், அவன் தரவில்லை. முழுசாகக் கொடுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மருமகளே, இந்த அம்மாள் பிறந்ததிலிருந்து சொன்ன விலைக்கு வாங்கிய முதல் பொருள் அந்தப் பஸ் சீட்டு. சூரியன் மேற்கே உதித்தால்கூட நான் இவ்வளவு ஆச்சரியப்பட மாட்டேன்.

திரும்பி வரும் சீட்டு? எடுக்கவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஆகவே நல்ல மீனாகப் பார். செவுளைத் தூக்குவாள்.

இப்போது கீழ் வீட்டில் பெட்டி கட்டுகிற சத்தம் கேட்கிறது. அது நின்றதும் இந்த வீடு எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். கடையில் ஆயிரம் நாற்காலி இருக்கிறது, உட்கார ஆள் ஒருவன்தான். போகட்டும். கால் சமாதானத்துக்கு வந்தால் நானும் ஒரு நாள் வருகிறேன். பஸ்ஸுக்கும் படிக்கும் நடுவில் பள்ளம் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அந்த மடக்கு நாற்காலியை அவளோடு அனுப்புகிறேன், கப்பலை வாங்கித் தந்த அதே நாற்காலி. மீன் பெட்டிமேல் எத்தனை நாள் உட்காருவாள்? ஏல மேஜைக்குப் பக்கத்தில் விரித்துப் போடு, கயிற்றுக்கு உள்ளே.

வாடகை கிடையாது. திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

உன் மாமா